மகாவம்சம் படிப்பித்த மாஸ்டர்

2023இல் பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள மகாவம்ச ஏட்டுச்சுவடியை (இலங்கை அரசரின் கதையைச் சொல்லும் பழைய பாளிக் காவியம் அது) யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தபோது, நம் ஆண்டு மாணவர்களின் வாட்ஸ்அப் குழு இரண்டுபட்டது. அது புராணம் என்றது ஒரு கட்சி, சரித்திரம் என்றது மற்றது. இரண்டு கட்சியும் ஒரே மாஸ்டரிடம் படித்தவை என்பதுதான் வேடிக்கை. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும் அவரைப் பற்றியே எழுதுவதென்று முடிவு செய்தேன்.

எழுபதுகளில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு மகாவம்சத்தைப் படிப்பிப்பது இலேசான காரியமல்ல. வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னாலே சிலர் முகம் சுளிப்பார்கள். பரீட்சைக்கோ அது வேண்டும். ஆகவே அநேகமான பள்ளிகளில் அரசர் பெயர்களை நெட்டுருப் பண்ணி, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவார்கள். எங்கள் மாஸ்டர் அப்படி விடவில்லை. ஜெர்மன் அறிஞர் கெய்கர் 1912இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பைப் பழுப்புத்தாள் உறையிட்டுக் கொண்டுவருவார். வாசிக்கும்போதே தமிழாக்குவார். அதிகாரத்தைத் தொடங்குமுன் அதன் முடிவுவரியைப் படிப்பது அவர் வழக்கம். நல்லோரின் மனத்தெளிவுக்கும் மனவெழுச்சிக்குமாக இயற்றப்பட்டது என்றுதான் ஒவ்வோர் அதிகாரமும் முடியும். “எதற்காக எழுதினேன் என்று மனிதர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அதை மறந்துவிட்டுப் படித்தால் பிழை உங்களுடையது” என்பார்.

நூலை எழுதியவர் மகாநாம தேரர் என்பது மரபு. அநுராதபுரத்து மகாவிகாரையைச் சேர்ந்தவர், 5ஆம் அல்லது 6ஆம் நூற்றாண்டு. அதற்கு முந்திய பாளி நூலான தீபவம்சத்தில் சொன்னதையே சொல்லும் குறை உண்டு. இவர் அந்தக் கதையைக் காவியமாக்கினார். 37 அதிகாரங்களில் 11, எல்லாளனை வென்ற சிங்கள மன்னன் துட்டகாமணிக்கே போய்விட்டன. மற்ற அரசர்கள் பலர் சில வரிகளோடு திருப்திப்பட வேண்டியதுதான்!

எல்லாளன் வரும் 21ஆம் அதிகாரத்துக்கு மாஸ்டர் பல பாடவேளைகள் எடுத்துக்கொண்டார். சோழநாட்டிலிருந்து வந்தவன், 44 ஆண்டுகள் ஆண்டவன், வழக்கில் நண்பன் பகைவன் என்று பாராதவன். படுக்கையின் தலைமாட்டில் மணி. கன்றைத் தேரேற்றிக் கொன்ற மகனை அதே சக்கரத்தால் தண்டித்தான் என்றதும் பின்வாங்கிலிருந்து “திருவாரூர் மனுநீதிச் சோழன்!” என்று குரல் எழுந்தது. மாஸ்டருக்குச் சந்தோஷம். சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் முன் அந்தக் கதையைச் சொல்லும் வரிகளை மனப்பாடமாகச் சொன்னார். யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்ற சண்டைக்கு மட்டும் அவர் வரவில்லை.

அவரை அதிகம் கவர்ந்தது அடுத்த சம்பவம். பிக்குகளை அழைக்கச் சேதியமலைக்கு (இன்றைய மிகிந்தலை) போய்த் திரும்பும்போது எல்லாளனின் தேர் நுகம் ஒரு தூபியில் இடித்துவிட்டது. அரசன் இறங்கிப் பாதையில் படுத்து, என் தலையையும் சக்கரத்தால் துண்டியுங்கள் என்றான். விழுந்தவை 15 கற்கள். சீர்செய்ய அவன் கொடுத்தது 15,000 கஹாபண நாணயம். இத்தனையும் சொல்லிவிட்டு, தவறான நம்பிக்கையைக் கைவிடாதவனுக்கே இத்தனை மகிமை கிடைத்தது என்று நூலாசிரியர் முடிக்கிறார். கடைசி அதிகாரத்திலோ, மகாசேனன் என்ற பௌத்த மன்னன் மகாவிகாரையையே பாழாக்குகிறான். இரண்டு பக்கங்களையும் விரல் வைத்துப் புரட்டிக் காட்டுவார் மாஸ்டர்.

கசப்பான பகுதியையும் அவர் தாண்டிப்போகவில்லை. வெற்றிக்குப் பின் மனம் வருந்தும் துட்டகாமணியிடம் எட்டு அரகதர்கள் (ஞானநிலை அடைந்த பிக்குகள்) வந்து, நீ கொன்றது ஒன்றரை மனிதர் மட்டுமே, மற்றவர்கள் விலங்குக்கு ஒப்பானவர்கள் என்று தேற்றும் இடம். வகுப்பு கொதித்தது. “இதைப் புத்தரின் வாக்கென்று எழுத அவருக்கே துணிவு வரவில்லை, கவனித்தீர்களா? ஏன் வரவில்லை என்று யோசியுங்கள்” என்றார். இன்றும் இந்தக் காப்பியத்தைத் தடியாக எடுப்பவர்களையும், படிக்காமலே எரிக்கச் சொல்பவர்களையும் காணும்போது அந்தக் கேள்விதான் முன்னே வருகிறது. தோற்ற எல்லாளனுக்கு நினைவுச்சின்னம் எழுப்பி, அவ்விடத்தைக் கடக்கும்போது வாத்தியங்களை நிறுத்த வேண்டுமென்று வைத்ததும் அதே துட்டகாமணி, அதே அதிகாரம்.

அசோகன் கதையை ஒரு துப்பறியும் கதைபோல் சொல்வார். இந்தியாவெங்கும் கல்வெட்டுகளில் ‘பியதசி’ என்ற அரசன். அவன் யாரென்று, அந்த எழுத்தை வாசித்தறிந்த ஆங்கிலேயர் பிரின்செப்புக்குப் பிடிபடவில்லை. இலங்கைத் தேவநம்பிய தீசனோ என்றுகூட எண்ணினார். இலங்கையில் அரச சேவையிலிருந்த ஜோர்ஜ் டேர்னர் 1837இல் தீபவம்சத்தைப் புரட்டி, அவன் மௌரிய அசோகனே என்று காட்டினார். “புராணம் என்று தள்ளுகிறவர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள்?” என்பது அவர் கேள்வி. வாட்ஸ்அப் குழுவின் முதற் கட்சியினர் அன்று வகுப்புக்கு வரவில்லை போலும்.

ஒரு சனிக்கிழமை எங்களைக் கந்தரோடைக்கும் மாதகல் சம்பில்துறைக்கும் பஸ்ஸில் கூட்டிப்போனார். அசோகன் மகள் சங்கமித்தை போதிக்கிளையுடன் இறங்கியதாக மகாவம்சம் கூறும் ஜம்புகோளம் சம்பில்துறைதான் என்பார்கள். நாங்கள் கண்டது மணலும் மீன்வலையும். கந்தரோடையில் பனைகளுக்கிடையே சிறுசிறு தூபிகள் நின்றன. தமிழரும் பௌத்தராக இருந்திருக்கிறார்கள், மணிமேகலையைப் படித்த பிறகும் அது உங்களுக்கு ஆச்சரியமா என்று கேட்டார். நாகதீபத்தில் மணியாசனத்துக்காக நாக அரசர் இருவர் சண்டையிட்ட கதை இரண்டு நூல்களிலும் உண்டென்பதை அங்கேதான் சொன்னார்.

தொடர்ச்சியான சூளவம்சத்துக்கு நேரம் போதவில்லை. ஒன்றை மட்டும் விடவில்லை. கண்டியில் நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் திப்பொட்டுவாவே புத்தரக்கித தேரர் அதை மேலும் எழுதினார். தென்னிந்திய வழியில் வந்த அந்த அரசனை அந்நூல் பௌத்தக் காவலனாகப் போற்றுகிறது. மகாநாமர் உயிரோடிருந்தால் அவனை எந்த அதிகாரத்தில் வைத்திருப்பார் என்பது எங்கள் கடைசித் தவணைப் பரீட்சைக் கேள்வி. இருபது வரிக்குள் எழுத வேண்டும். ஒருவன் மட்டும் நாலு தாள் வாங்கி எழுதினான். இப்போது சிட்னியில் வழக்கறிஞர். வாட்ஸ்அப்பில் இரண்டாம் கட்சிக்குத் தலைவரும் அவர்தான்.