ஆறு ஆட்டுக்கு யாரும் பாட்டில உடைக்க மாட்டாங்க

நாலு வருஷம் முன்னாடி மார்கழியில எங்க வீட்டு வெள்ளாடு 11ல 7 செத்துப்போச்சு. மொதல்ல கண்ணுலயும் மூக்குலயும் தண்ணியா ஒழுகுச்சு, பனிக்கு சளி புடிச்சிருக்குன்னு அம்மா மிளகும் மஞ்சளும் அரைச்சு குடுத்தாங்க, மூணாம் நாள் வாய் பூரா புண்ணு, ஒரு தழைய கூட கடிக்கல, அப்புறம் நாத்தமா கழிச்சல். குட்டிங்கதான் மொதல்ல போச்சு. டாக்டர் வந்து பாத்துட்டு ஆட்டுக்கொல்லின்னு சொன்னாரு.

வயித்தெரிச்சல் என்னன்னா இதுக்கு தடுப்பூசி இருக்கு, ஒரு தடவ போட்டா மூணு வருஷம் தாங்கும். இந்தியாவுல இந்த நோய மொதமொதல்ல கண்டுபிடிச்சதே 1987ல நம்ம விழுப்புரம் பக்கம் அரசூர்லதான், அங்க எடுத்த கிருமிய வச்சே நம்ம கால்நடை மருத்துவ பல்கலைக்கழகத்துல தடுப்பூசியும் செஞ்சாங்க.

எங்க பட்டிக்கு அது வராததுக்கு காரணம் அந்த பாட்டில். ஒரு பாட்டில்ல 100 ஆட்டுக்கு மருந்து, ஐஸ்லயே வச்சு கொண்டாரணும், கலக்கிட்டா 2 மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கணும். ஆறு ஆடு வச்சிருக்கவங்க தனியா போய் நின்னா யாரும் உடைக்க மாட்டாங்க, மிச்சமெல்லாம் வீணாப்போகும்ல. 100 ஆட்ட ஒரே காலையில சேக்கணும்னா எந்த வீட்டு ஆடு எத்தன மணிக்கு மேய்ச்சலுக்கு கெளம்பும்னு தெரிஞ்ச உள்ளூர் ஆள் வேணும்.

இப்ப மகளிர் குழுவுல பயிற்சி எடுத்த ஒரு அக்கா அத பாக்குறாங்க. முந்தின ராத்திரியே வீடு வீடா போய் "நாளைக்கு வெள்ளன ஆட்ட அவுத்துறாதீங்க அத்தை"ன்னு சொல்லிட்டு வந்துருவாங்க. போன வாரம் நானும் கூட போனேன். டாக்டர் ஊசி போட போட, அக்கா ஒவ்வொரு ஆட்டு கொம்புலயும் செவப்பு பெயிண்ட் ஒரு பொட்டு வச்சு நோட்டுல எழுதிக்கிட்டே வந்தாங்க. கடைசி வீட்டு தாத்தா மட்டும் ஊசி போட்டா ஆடு எளைச்சிரும்னு கதவையே தெறக்கல. மருந்து கலக்கி ஒரு மணி நேரம் தாண்டிருச்சு, எனக்கு பதட்டம். அக்கா திண்ணையில உக்காந்து, "மாமா, அன்னைக்கு செத்த உங்க கெடாவ நானும்தானே குழி தோண்டி பொதச்சேன்"னாங்க. கொஞ்ச நேரம் பேசாம இருந்தவரு அவரே போய் படல தெறந்து விட்டாரு, 14 ஆடு.

எங்க வீட்டு ரெண்டு குட்டிக்கு இன்னும் நாலு மாசம் ஆகலன்னு போடல. அந்த தேதிய அம்மா காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்காங்க.