18 கிலோமீட்டர் லாங் ரன்: பட்டினப்பாக்கத்துல நின்னுட்டேன், அப்புறம் ஓடி முடிச்சேன்

ஜனவரில ஆஃப் மாரத்தான், 21.1 கிலோமீட்டர். இன்னும் 7 வாரம் இருக்கு. போன ஞாயித்துக்கிழமை பிளான்ல 18. இதுவரைக்கும் நான் ஓடுனதுலயே பெரிய தூரம் 15 தான், அதனால சனிக்கிழமை ராத்திரியே வயித்துக்குள்ள ஒரு மாதிரி இருந்துச்சு. ராத்திரி நல்ல மழை வேற. காலைல 5:10-க்கு எலியட்ஸ் பீச்லேர்ந்து கிளம்பும்போது மழை விட்டிருந்துச்சு, காத்து கொஞ்சம்கூட வீசல, ரோடெல்லாம் ஈரம்.

ரூட் சிம்பிள். பெசன்ட் அவென்யூ, திரு.வி.க. பாலம், சாந்தோம், லைட்ஹவுஸ், காமராஜர் சாலை, உழைப்பாளர் சிலை வரைக்கும் போய்ட்டு அப்படியே திரும்பி வரணும்.

தப்பு முதல் கிலோமீட்டர்லயே நடந்துருச்சு. பிளான் பண்ணுன பேஸ் 7:30, அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஏழரை நிமிஷம். ஆனா ஒரு ரன்னிங் குரூப் பக்கத்துல பேசிக்கிட்டே போச்சு, அவங்களோட சேந்து போனா நல்லா இருக்கேன்னு நானும் ஒட்டிக்கிட்டேன், பெசன்ட் அவென்யூல ரெண்டு பக்கமும் மரம், ஈர மண் வாசனை, காலு தானா போற மாதிரி இருந்துச்சு, 5 கிலோமீட்டர் முடிஞ்சதும் வாட்ச்சைப் பாத்தா சராசரி 6:45. அப்பவே ஸ்லோ பண்ணிருக்கணும். பண்ணல. உழைப்பாளர் சிலை வரைக்கும் 7:00-ல போனேன். 9 கிலோமீட்டர், 61 நிமிஷம் 45 செகண்ட். நாலு பேர் சேந்து பாறையை நெம்புற அந்தச் சிலையைத் தொடற தூரத்துல நின்னு தண்ணி குடிச்சப்போ சூரியன் கடலுக்கு மேல வந்துருச்சு.

திரும்பி வர்றப்போ வெயில் இடது பக்கம் முழுக்க அடிச்சுது. மழை பேஞ்ச ஈரம் ஆவியா மேல வருது, வேர்வை காயவே மாட்டேங்குது. நம்ம ஊர்ல லாங் ரன் ஓடுறவங்களுக்கு இதுதான் பெரிய கஷ்டம். வேர்வை காஞ்சாத்தான் உடம்பு குளிரும், காத்துல ஏற்கனவே ஈரம் நிறைஞ்சிருந்தா அது சொட்டி கீழ விழுமே தவிர காயாது, உள்ள சூடு ஏறிக்கிட்டே இருக்கும், அதே பேஸ்ல ஓடுனாலும் ஹார்ட் ரேட் மேல போகும். எனக்கு வழக்கமா 150-ல நிக்கிறது அன்னிக்கு 172. விவேகானந்தர் இல்லத்தைத் தாண்டும்போது ஒண்ணு தோணுச்சு, 1842-ல அமெரிக்காவுலேர்ந்து கப்பல்ல வந்த ஐஸை வைக்கிறதுக்குக் கட்டுன கட்டடம் அது, அதுல ஒரு கட்டி இப்போ கிடைச்சா கழுத்துல வச்சுக்கலாமேன்னு அடுத்த அரை கிலோமீட்டருக்கு அதையே நினைச்சுக்கிட்டு ஓடுனேன்.

லைட்ஹவுஸ் தாண்டி சாந்தோம் வந்ததும் தொடை கல்லு மாதிரி ஆயிடுச்சு. ஷூக்குள்ள தண்ணி, ஒவ்வொரு அடிக்கும் சளக் சளக்னு சத்தம். 12 முடிச்சு 13-வது கிலோமீட்டர் 9:10. பட்டினப்பாக்கத்துல நின்னுட்டேன். இடது கெண்டைக்கால் இழுக்க ஆரம்பிச்சுது, கண்ணு ஓரத்துல உப்பு எரியுது. தொப்பியைக் கழட்டிப் பாத்தா கறுப்புத் துணி மேல வெள்ளையா கோடு கோடா உப்பு படிஞ்சிருக்கு. கையில கொண்டு போன 500 மில்லி பாட்டில் காலி, அதுவும் வெறும் தண்ணி.

சரியா அப்போ வீட்டுக்காரர் போன் பண்ணுனாரு. குரலைக் கேட்டதுமே புரிஞ்சுருக்கும் போல, "வண்டி எடுத்துட்டு வரட்டுமா?"ன்னாரு. வான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துருச்சு. "வேணாங்க, பாலம் வரைக்கும் பாக்குறேன், முடியலைன்னா நானே கூப்பிடுறேன்"னேன்.

பக்கத்துல ஒரு டீக்கடை. டிபனும் போடுற கடை, அதனால உப்பு இருக்கும்னு போய், "அண்ணா, ஒரு கிளாஸ் தண்ணில கொஞ்சம் உப்பும் ரெண்டு ஸ்பூன் சக்கரையும் போட்டுத் தர்றீங்களா"ன்னு கேட்டேன். அவர் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பாத்துட்டு, கேக்காமலே அரை எலுமிச்சம்பழம் பிழிஞ்சு கொடுத்தாரு. "உக்காராதம்மா, உக்காந்தா கால் பிடிச்சுக்கும், நின்னுக்கிட்டே குடி"ன்னாரு. காசு வாங்கவே மாட்டேன்னுட்டாரு. அந்த கிளாஸை நான் மறக்கவே மாட்டேன். 14-வது கிலோமீட்டருக்கு மொத்தம் 10:40 ஆச்சு, அதுல கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை, மீதி அந்தக் கடை வாசல்.

அதுக்கப்புறம் 4 நிமிஷம் ஓட்டம், 1 நிமிஷம் நடை. இன்னும் 4 கிலோமீட்டர் இருக்குன்னு நினைச்சா கால் நகரல, அதனால அதை நினைக்கவே இல்ல, அடுத்த லைட் கம்பம், அதுக்கடுத்த பஸ் ஸ்டாப், அவ்வளவுதான். பாலம் வந்துச்சு, ஆத்து மேல லேசா காத்து. வீட்டுக்காரருக்கு போன் பண்ணல. பெசன்ட் அவென்யூல காலைல பறந்த அதே ரோட்ல ஒவ்வொரு மரமா எண்ணிக்கிட்டு வந்தேன். கடைசி 4 கிலோமீட்டர் சராசரி 8:20. மொத்தம் 18 கிலோமீட்டர், 2 மணி 18 நிமிஷம். பீச் மணல்ல உக்காந்து அழுதேன், சந்தோஷத்துலதான்.

வீட்டுல எடை பாத்தேன். கிளம்பும்போது 63.4, வந்தப்போ 61.9. ஒன்றரை கிலோ குறைஞ்சிருக்கு, நடுவுல 700 மில்லி குடிச்சிருக்கேன், ஆக ரெண்டேகால் மணி நேரத்துல 2.2 லிட்டர் வேர்வை. அதுக்கு வெறும் தண்ணி எப்படிப் போதும்? கூட ஓடுற அக்கா ஒருத்தங்க இளநீர் குடின்னாங்க, குடிச்சேன், நல்லா இருந்துச்சு. ஆனா இளநீர்ல பொட்டாசியம்தான் அதிகம், வேர்வைல போற சோடியம் அதுல கம்மி, அதனால லாங் ரன் அன்னிக்கு இளநீரை மட்டும் நம்ப முடியாது.

அடுத்த ஞாயிறு 16 கிலோமீட்டர்தான். 4:30-க்கே கிளம்பிடுவேன். ஓஆர்எஸ் (உப்பும் சக்கரையும் கலந்த பொடி) பாக்கெட்டை அளவு பாத்து ஒரு லிட்டர்ல கரைச்சு ரெண்டு பாட்டில்ல ஊத்தி, ஒண்ணு கையில, இன்னொண்ணு வீட்டுக்காரர் லைட்ஹவுஸ்கிட்ட வந்து தர்றேன்னு சொல்லிருக்காரு. 45-வது நிமிஷத்துலயே ஒரு கடலை மிட்டாய், பசிக்கிற வரைக்கும் காத்திருக்கப் போறதில்ல. முதல் 5 கிலோமீட்டர் 7:30-க்குக் கீழ போனா வாட்ச் கத்துற மாதிரி அலாரம் வச்சாச்சு.

இன்னிக்கு செவ்வாய். மாடிப்படி இறங்கும்போது இன்னும் தொடை வலிக்குது. ஷூக்குள்ள திணிச்ச நியூஸ்பேப்பரை மூணாவது தடவையா மாத்துனேன், இன்னும் ஈரம்.