சுகர் ஒண்ணு தான், குணம் வேற வேற

எங்க பெரியப்பா, அப்பா, அத்தை மூணு பேருக்கும் டைப் 2 சுகர். கூடப்பொறந்தவங்க, மூணு பேரும் போடுறது மெட்ஃபார்மின் மாத்திரை தான், ஆனா சுகரோட குடும்பம் நடத்துற விதம் இருக்கே, ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமே கிடையாது.

பெரியப்பா "எனக்கெல்லாம் ஒண்ணும் இல்ல" கட்சி. டெஸ்ட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி சோத்த நிறுத்திட்டு வாக்கிங் போவார், வெறும் வயித்துல 110ன்னு வந்ததும் ரிப்போர்ட்ட எல்லாருக்கும் காட்டிட்டு நேரா ஸ்வீட் கடை. அப்புறம் ஒரு டாக்டர் ஹெச்பிஏ1சி எழுதினாரு, 9க்கு மேல வந்துச்சு, ரொம்ப அதிகம். ரத்த செவப்பணுல ஒட்டியிருக்குற சர்க்கரைய பாக்குறதால அது கிட்டத்தட்ட மூணு மாச கணக்கு, ரெண்டு நாள் விரதம்லாம் அதுகிட்ட செல்லாது.

அத்தை அப்படியே நேர்மாறு, எப்ப பாத்தாலும் விரல குத்திக்கிட்டே இருக்கும். 180ன்னு காட்டிட்டா அன்னிக்கு தூக்கம் போச்சு, வாட்சப்ல வந்த பாவக்கா ஜூஸ், ஆவாரம்பூ எல்லாம் வரிசையா இறங்கும். இதுல கொடுமை என்னன்னா பதட்டத்துல சுரக்குற கார்ட்டிசால், அட்ரினலின்ங்கற ரெண்டு ஹார்மோனும் கல்லீரல்ல இருந்து சர்க்கரைய ரத்தத்துக்குள்ள தள்ளிவிடும், அதாவது சுகர நெனச்சு கவலப்பட்டே சுகர ஏத்திக்கலாம்.

அப்பா ரூல்ஸ் ஆளு. இந்த மாதிரி பொறுப்பான ஆளுங்க மாத்திரைய ஒழுங்கா போடுவாங்கன்னு ஆராய்ச்சிலயும் சொல்றாங்க, உண்மை தான். ஆனா சஷ்டி விரதம் அன்னிக்கும் எட்டு மணின்னா எட்டு மணி தான்னு மெட்ஃபார்மின் கூட அவருக்கு குடுத்த க்ளிமிபிரைட், அதாவது இன்சுலின சுரக்க வச்சு சுகர இறக்குற மாத்திரைய போட்டுட்டு பட்டினியா இருந்தா என்னாகும், வேர்த்துக் கொட்டி கை நடுங்கி லோ சுகர்ல உக்காந்துட்டார். ரெண்டு ரூலையும் மதிச்சிருக்கார் மனுஷன்!

லாசரஸ், ஃபோக்மேன்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 1984லயே எழுதியிருக்காங்க, கஷ்டம் வந்தா சிலர் பிரச்சனைய சரி பண்ண பாப்பாங்க, சிலர் மனச சரி பண்ணிக்க பாப்பாங்கன்னு. எனக்கு என்ன தோணுதுன்னா ரெண்டும் வேணும், ஆனா நம்ம ஊர்ல மூணு பேருக்கும் ஒரே டயட் சீட்டு, ஒரே திட்டு. நோயோட மல்லுக்கட்டியே வர்ற சலிப்பு இருக்கே, டயாபடீஸ் டிஸ்ட்ரெஸ்னு பேரு, அத அளக்க 1995லயே 20 கேள்வி தயார் பண்ணிட்டாங்க, இங்க அஞ்சு நிமிஷ கன்சல்டேஷன்ல அதெல்லாம் யார் கேக்குறா.

பெரியப்பாவ திட்ட திட்ட ஒளிச்சு திங்கிறதுல தான் கில்லாடி ஆனார். இப்ப யாரும் எதுவும் கேக்குறதில்ல, ராத்திரி சாப்பிட்டதும் எங்க அண்ணன் கூட ஒரு நடை, அவ்ளோ தான், அரசியல் பேசிக்கிட்டே போயிட்டு வர்றாங்க. அத்தைக்கு எந்தெந்த நேரம் மட்டும் குத்தணும்னு டாக்டரே சொல்லிட்டார், முக்கால்வாசி நாள் கேக்குது. அப்பாவுக்கு விரத நாள்ல எந்த மாத்திரைய நிறுத்தணும்னு தனியா ஒரு சீட்டு எழுதி குடுத்தாங்க, அத லேமினேட் பண்ணி வச்சிருக்கார்.