ரவை ரவையாகப் பொரிகள், ஐந்து மாதத் தூக்கம் போச்சு

ஒரு ஞாயிற்றுக்கிழமை குளிக்கும்போதுதான் கவனித்தேன். ஆணுறுப்பின் மொட்டு முடிகிற விளிம்பைச் சுற்றி, ரவையை வரிசையாக ஒட்டி வைத்த மாதிரி வெள்ளைப் பொரிகள். அதற்குக் கீழே தண்டுப் பகுதித் தோலை இழுத்துப் பிடித்தால் மங்கலான மஞ்சள் புள்ளிகள் வேறு. வலி இல்லை, அரிப்பு இல்லை, சீழ் இல்லை. எத்தனை வருடமாக அங்கே இருந்தனவோ, என் கண்ணில் பட்ட அன்றிலிருந்துதான் எனக்கு நோய் வந்தது.

வயது 27. வீட்டில் பெண் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அதற்கு ஒரு வருடம் முன்பு ஒரே ஒரு தடவை ஆணுறை இல்லாமல் உறவு வைத்திருந்தேன், அது போதும் மண்டைக்குள் படம் ஓட. ராத்திரி போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு படம் படமாகத் தேடினால் தேடலில் வருவதெல்லாம் முற்றிய கேஸ்களாகவே இருக்கின்றன, விடியும்போது எய்ட்ஸ் வரைக்கும் போய்விட்டிருப்பேன்.

செய்த முட்டாள்தனங்களையும் சொல்லிவிடுகிறேன். நகத்தால் ஒன்றைக் கிள்ளிப் பார்த்தேன், ரத்தம் வந்ததுதான் மிச்சம். அப்புறம் மெடிக்கலில் போய்த் தொடையிடுக்கில் அரிப்பு என்று பொய் சொன்னேன், ஸ்டீராய்டு கலந்த ஒரு டியூப் கொடுத்தார்கள். ஒரு வாரம் தடவியதில் தோல் சிவந்து, உரிந்து, சிறுநீர் பட்டாலே எரிந்தது. பொரிகள் மட்டும் அப்படியே இருந்தன. அப்பா கால் ஆணிக்கு வைத்திருந்த திரவத்தை ஒருநாள் கையில் எடுத்துவிட்டு, நல்லவேளை, திரும்ப வைத்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு கழிவறைச் சுவரில் ஒட்டியிருந்த ‘இளமையில் செய்த தவறுகளா?’ லாட்ஜ் வைத்தியர் நம்பரைக்கூடப் படம் எடுத்து வைத்திருந்தேன்.

கடைசியில் அரசு மருத்துவமனைக்குப் போனேன். ஓ.பி. சீட்டு எழுதுபவரிடம் என்ன சொல்வது என்றுதான் வழியெல்லாம் ஒத்திகை. ‘தோல் டாக்டர்’ என்றால் போதும், அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் அறை வாசலில் ‘தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவு’ என்று பெரிய எழுத்தில் பலகை. அதற்கு நேர் கீழே, சேற்றுப்புண்ணோடு எங்கள் தெரு அண்ணன் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். “என்னடா இங்க?” “தேமல்ணே.”

உள்ளே போனதும் திரை போட்ட இடத்தில் படுக்கச் சொன்னார் டாக்டர். ராத்திரியில் அரிப்பு அதிகமாகுதா, வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருக்கா (அது சொறிசிரங்குக்கான கேள்வியாம்), சிறுநீர் எரிச்சல், உறவு எப்போது, யாரோடு என்றெல்லாம் கேட்டார். மார்க்கெட்டில் கத்திரிக்காய் விலை கேட்கிற குரலில் கேட்டதால் எனக்கும் உண்மை சொல்ல வந்துவிட்டது. லென்ஸ் வைத்துப் பார்த்தார். மொத்தம் இரண்டு நிமிடம் ஆகியிருக்காது.

“தம்பி, இது நோயே இல்ல.” விளிம்பில் வரிசையாக இருப்பது முத்து மாதிரியான பொரி, பலருக்கும் இருபதுகளில் தெரியும், ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர்தான், ஒட்டாது, வயது ஏற ஏற மங்கும். சுத்தம் இல்லாததாலோ சுய இன்பத்தாலோ வருவதில்லை. கீழே இருப்பது ஃபோர்டைஸ் புள்ளி, முடி இல்லாத இடத்தில் வந்து உட்கார்ந்த எண்ணெய்ச் சுரப்பி, அவ்வளவுதான். நான் நம்பாத முகத்தோடு இருந்ததைப் பார்த்து, “வீட்ல போய் உதட்டை உள்பக்கமாத் திருப்பிப் பாருங்க, அங்கயும் இருக்கும்” என்றார்.

அப்போது எப்போதுதான் பயப்படணும் என்று கேட்டேன். உறவால் ஒட்டும் மரு என்றால் வரிசையில் இராதாம், சொரசொரப்பாக, பூக்கோசு மாதிரி தாறுமாறாக முளைத்து, வாரக்கணக்கில் எண்ணிக்கை கூடும். பொரியின் நடுவில் தொப்புள் போலக் குழி இருந்தால் அது வேறு, வைரஸால் வருவது, ஒட்டும். கொத்தாக நீர்க்கொப்புளம் வந்து உடைந்து எரிந்தால் ஹெர்பிஸ். இதில் எதுவாக இருந்தாலும், புதிதாக ஒன்று வந்து வளர்ந்தாலும், ரத்தம் கசிந்தாலும், சீழ் வந்தாலும், தொடையிடுக்கில் நெறி கட்டினாலும் உடனே வரணும். அவர் அழுத்திச் சொன்னது வலியே இல்லாத புண்ணைப் பற்றித்தான். மேகப்புண் என்று பெரியவர்கள் சொல்லும் சிபிலிஸ் அப்படித்தான் தொடங்கும், உறவுக்குச் சுமார் மூன்று வாரம் கழித்து. தானாகவே ஆறிவிடும், நோய் மட்டும் உள்ளே இருக்கும். ஆறிவிட்டது என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து.

பொரிக்கு மருந்து எழுதவில்லை, டியூப்பைத் தூக்கிப் போடச் சொன்னார். ஆனால் ஆணுறை இல்லாமல் போன அந்த ஒரு தடவைக்காக சிபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல்., எச்.ஐ.வி. இரண்டு ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிடுவோம் என்றார். அதே வளாகத்தில் இருந்த, எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் செய்யும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகர் தனியாகப் பேசி, சம்மதம் கேட்டு ரத்தம் எடுத்தார்கள். காசு கிடையாது. இரண்டும் நெகடிவ். நேரில் போகத் தயங்குகிறவர்கள் 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணுக்கு போன் போட்டாவது கேட்கலாம், அதுவும் இலவசம்தான். எனக்கு இது ஐந்து மாதம் முன்னால் தெரியாமல் போனது.

வெளியே வந்து பைக் கண்ணாடியைத் திருப்பி, கீழுதட்டைப் பிதுக்கிப் பார்த்தேன். இருந்தன, அதே மஞ்சள் புள்ளிகள், இத்தனை வருடமாக எல்லோரும் பார்க்கிற முகத்தில். பின்னாலிருந்து அந்த அண்ணன் குரல்.

“என்னடா, தேமல்னு சொன்ன, வாயைப் பார்த்துட்டு நிக்கிற?”

“பல் வலியும் இருக்குண்ணே.”