முதுகுக் கணக்கு

2 ஜூன் 2025, திங்கள்

மார்ச் 19 அன்று வேலைக்குப் போகும் வழியில் என்னை ஒரு வேன் இடித்ததே, அதற்கு எடுத்த எம்ஆர்ஐ அறிக்கை வந்துவிட்டது. மகள்தான் படித்துச் சொன்னாள். கீழ் முதுகில் எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் பிதுங்கி நரம்பில் முட்டுகிறதாம். அதுவரை சத்தமாகப் படித்தவள் அடுத்த வரியில் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தேய்மானம்னு போட்டிருக்கும்மா."

54 வயது. பாலர் பள்ளிச் சமையலறையில் 16 வருஷம். தேயாமல் என்ன செய்யும்? அம்மிக்கல்லே தேய்கிறது.

5 ஜூன்

ஒன்பது. நான் சாலையைக் கடந்தபோது விளக்கில் பச்சை மனிதனுக்குப் பக்கத்தில் இன்னும் 9 வினாடி என்றுதான் இருந்தது.

11 ஜூன், புதன்

சைனாடவுனில் வக்கீல் அலுவலகம். தமிழ்ப் பிள்ளை, என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். முதல் கேள்வியே அதுதான். "ஆண்ட்டி, இதுக்கு முன்னால முதுகுவலிக்கு எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?"

மேசைக்கு அடியில் மகள் என் காலை மிதித்தாள். நான் சொல்லிவிட்டேன். 2019, பலதுறை மருந்தகம்.

"நல்லதாப் போச்சு. பழைய ரெக்கார்டை எதிர்த்தரப்புக்காரங்க எப்படியும் கேட்டு வாங்குவாங்க. மறைச்சது அப்போ தெரிஞ்சா, நீங்க உண்மையா சொன்னதையும் நம்ப மாட்டாங்க."

வேலைக்குப் போகும்போது நடந்தாலும் வேலையிட விபத்தில் சேராதாம். முதலாளி ஏற்பாடு செய்த வண்டியில் போயிருந்தால் வேறு கதை. நான் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போனவள். அதனால் வேன்காரரின் காப்புறுதியைத்தான் கேட்க வேண்டும். வழக்குப் போட மூன்று வருஷம் அவகாசம். தேக்காவில் ஒருவர் "ஜெயிச்சா முப்பது விழுக்காடு கொடுங்க, போதும்" என்றாரே என்று கேட்டேன். சிங்கப்பூரில் விபத்து வழக்குகளில் வக்கீல்கள் அப்படிப் பங்கு பேசக் கூடாதாம்.

ரயிலில் மகள் பேசவே இல்லை. நொவீனா வந்ததும், "உன்னை யாரு 2019ஐக் கேட்டா?" என்றாள்.

அவர்தான் கேட்டார்.

23 ஜூன், திங்கள்

பழைய பதிவு வந்தது. கீழ் முதுகில் வலி, எக்ஸ்ரே, மாத்திரை, மூன்று நாள் எம்சி (மருத்துவ விடுப்பு). அதற்குக் கீழே ஒரு வரி: வலி பத்து ஆண்டுகளாக இருப்பதாக நோயாளி கூறுகிறார்.

முருகா. சொன்னேன்தான். "பத்து வருஷமா இருக்கு டாக்டர்." பத்து வருஷம் என்றால் ரொம்ப நாள் என்று அர்த்தம், அவ்வளவுதானே? "நூறு தடவை சொன்னேன்" என்கிறோம், யாராவது எண்ணிப் பார்க்கிறார்களா? அந்த டாக்டர் எண்ணியிருக்கிறார். தட்டச்சும் செய்து வைத்திருக்கிறார்.

அன்று எடுத்தது எக்ஸ்ரே மட்டும். அதில் எலும்பு தெரியும், டிஸ்க் தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க விபத்துக்கு முந்தைய எம்ஆர்ஐ எதுவும் கிடையாது. இருப்பது என் வாய்தான். அதுவும் பத்து வருஷம் என்று சொன்ன வாய்.

24 ஜூன்

பத்து வருஷம்.

3 ஜூலை

ரசீது போடும் மைலோ டின்னைத் திறந்தேன். மார்ச் மாத ரசீதுகள் வெளுத்துவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய டாக்சி ரசீதில் தேதி இருக்கிறது, தொகையில் ".40" மட்டும்தான் மிச்சம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் முன்னால் ஒரு 1 மாதிரி நிழல். சூட்டில் அச்சாகிற தாளாம், தானாகவே மறைந்துவிடுமாம். மிச்சத்தையெல்லாம் புளோக்குக்குக் கீழே இருக்கிற கடையில் நகல் எடுத்தேன். நகல் எடுத்த காசுக்கும் ரசீது கேட்டேன். கடைக்கார அங்கிள் சிரித்தார்.

14 ஜூலை, திங்கள்

வக்கீல் தம்பி இன்று நன்றாகப் பேசினார். அடிபட்டவர் எப்படி இருந்தாரோ அப்படியே அவரை ஏற்றுக்கொள்ள வேண்டுமாம் அடித்தவர். முட்டையோடு மாதிரி மண்டை உள்ளவர் என்றாலும், "எனக்குத் தெரியாது, மற்றவர்களுக்கு இப்படி உடையாது" என்று தப்பிக்க முடியாது. சரிதானே? நான் அப்பளமாகவே இருந்தாலும் மிதித்தவர் மிதித்தவர்தான்.

1962இல் இங்கிலாந்தில் ஒரு தீர்ப்பு. தொழிலாளி ஒருவரின் உதட்டில் உருகிய உலோகம் தெறித்தது. சின்னத் தீக்காயம். அங்கே ஏற்கெனவே புற்றுநோய்க்கு முந்தைய நிலை இருந்திருக்கிறது. காயம் அதைக் கிளப்பிவிட, அவர் இறந்துபோனார். முதலாளிதான் பொறுப்பு என்றது நீதிமன்றம். வழக்குப் போட்டது அவர் மனைவி. மத்தியானம் முழுக்க அந்த அம்மாவையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவரிடமும் பழைய கதையெல்லாம் கேட்டிருப்பார்கள்.

ஆனால், என்றார் தம்பி. (இவர்கள் வாயில் ஒரு ஆனால் எப்போதும் காத்திருக்கிறது.) வேன் இடிக்காவிட்டாலும் இந்த முதுகு சில வருஷத்தில் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று காட்டிவிட்டால், தொகையில் வெட்டு விழும். கூடுதலாகக் கெட்டதற்கு மட்டும்தான் அவர்கள் பொறுப்பு.

ஆக, வலியைப் பிரித்துக் காட்ட வேண்டும். பழைய வலி இடுப்போடு நின்றுவிடும். அரிசிச் சட்டி தூக்கின நாளில் வரும், கோடாலித் தைலம் தேய்த்தால் போய்விடும். புது வலி பிட்டத்தில் புறப்பட்டு, கெண்டைக்கால் வழியாக, கட்டைவிரல் வரை மின்சாரம் மாதிரி இறங்கும். எனக்குத் தெரிகிறது. இரண்டும் சேர்ந்து வருகிற நாளில் எதை எதில் எழுதுவது?

17 ஜூலை

சேர்ந்து வந்தது.

29 ஜூலை, செவ்வாய்

எதிர்த்தரப்பு அனுப்பிய எலும்பு மருத்துவர். நான் செருப்பைக் கழற்றக் குனிந்ததிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். படுக்க வைத்து, முட்டியை மடக்காமல் இடது காலைத் தூக்கினார். பாதி உயரத்திலேயே கத்திவிட்டேன். சரி, எழுந்து கட்டில் ஓரத்தில் உட்காருங்கள் என்றார். எந்தப் பள்ளியில் சமையல், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுக்கொண்டே, பாதத்தைப் பார்க்கிற மாதிரி முட்டியை நீட்டினார். திரும்பவும் கத்தினேன். ஏதோ குறித்துக்கொண்டார்.

பிறகு பிசியோ பெண் சொன்னாள்: இரண்டும் ஒரே சோதனைதான். நடிக்கிறவர்கள் இரண்டாவதில் கத்த மறந்துவிடுவார்களாம்.

அப்பாடா, சரியாகக் கத்தியிருக்கிறேன்.

9 ஆகஸ்ட்

தேசிய தின விமானங்கள் போன சத்தம். சன்னலுக்குப் போவதற்குள் போய்விட்டன.

18 ஆகஸ்ட், திங்கள்

கடிதம் வந்தது. தவறு வேன்காரர்மேல்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் விபத்தால் வந்த வலி ஆறு மாதத்துக்குத்தானாம். அதற்குமேல் வலித்தால் அது "நீண்டகாலமாக ஏற்கெனவே இருந்த நிலை". ஆதாரம்: 2019, நோயாளியே கூறியது. எல்லாம் சேர்த்து 7,500 வெள்ளி.

ஆறு மாதம் என்றால் செப்டம்பர் 19. அன்று காலை எழுந்தால் என் முதுகு பழைய முதுகு.

21 ஆகஸ்ட்

தைப்பூச வீடியோ! அக்கா மகன் எடுத்தது. பிப்ரவரி 11, விபத்துக்கு ஐந்து வாரம் முன்னால். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை, மூன்று கிலோமீட்டருக்கு மேல், வெறுங்காலில், தலையில் பால்குடம். எப்படி நடக்கிறேன் பாருங்கள். திரும்பித் திரும்பிப் போட்டுப் பார்த்தேன். பாலுக்காக அல்ல, அந்த இடுப்புக்காக.

தம்பிக்கு அனுப்பினேன். "சூப்பர் ஆண்ட்டி" என்று பதில். வேலைக்கு லீவு எடுக்காத பதிவையும் பள்ளியில் கேட்டு வாங்கச் சொன்னார்.

27 ஆகஸ்ட்

காலையிலிருந்து வலியே இல்லை. பயமாக இருக்கிறது.

28 ஆகஸ்ட்

வந்துவிட்டது. கட்டைவிரல் வரை. நிம்மதி என்று எழுதினால் என்னை என்னவென்று நினைப்பீர்கள்.

2 செப்டம்பர், செவ்வாய்

வக்கீல் தம்பி கூப்பிட்டார். எதிர்த்தரப்பு ஃபேஸ்புக்கெல்லாம் பார்ப்பார்களாம். "ஆண்ட்டி, வலியைப் பத்தி எங்கேயாவது எழுதிப் போடுறீங்களா?"

போடுகிறேன் என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "எவ்வளவு நாளா?"

பத்து வருஷமா என்று வாய்வரை வந்தது. ஜூன் இரண்டாம் தேதியிலிருந்து என்றேன்.