கோசோவில் ஒரு நாளைக்கு ஒரு இடம்

தூத்துக்குடியில் என்னோடு படித்தவன் மத்தியதரைக் கடல் தீவு நாடான மால்டாவில் வேலைக்குப் போய் வருஷங்கள் ஆகின்றன. மால்டா என்று பொதுவாகச் சொன்னாலும் அவன் இருப்பது பெரிய தீவில் இல்லை, அதற்கு வடமேற்கே இருக்கும் கோசோவில். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். கிறிஸ்துமஸ் வாழ்த்து சொல்லும்போதெல்லாம் "எப்பம்ல வார?" என்று கேட்பான். இந்த வருஷம் செப்டம்பர் தொடக்கத்தில் போவதாகச் சொன்னதும் ஒரு நிபந்தனை போட்டான். "ஏல, லிஸ்டு கிஸ்டு எல்லாம் தூக்கிட்டு வராத. ஒரு நாளைக்கு ஒரு இடம். மிச்ச நேரம் வீட்ல சும்மா கெட."

துபாயில் விமானம் மாறி மால்டாவில் இறங்கியதும் எக்ஸ்1 பேருந்து. அது தீவின் வட முனையான சிர்கெவ்வாவில் விடுகிறது. அங்கிருந்து கப்பலில் 25 நிமிஷம். கோசோ போகும்போது யாரும் டிக்கெட் கேட்பதில்லை. திரும்பி வரும்போது இம்ஜார் துறைமுகத்தில் இரண்டு வழிக்கும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார்கள். "இங்கயே தங்கிட்டா காசு மிச்சம்" என்றான் நண்பன், காரில் என் பெட்டியை ஏற்றிக்கொண்டே.

1964 வரை பிரிட்டிஷ் ஆட்சி என்பதால் வண்டி நம்மூர் மாதிரி இடப்பக்கம் ஓடுகிறது. தீவே 14 கிலோமீட்டர் நீளம், 7 கிலோமீட்டர் அகலம்தான். சாலை ஓரமெங்கும் சாந்து வைக்காமல் அடுக்கிய கல்சுவர்கள், அவற்றின் மேல் சப்பாத்திக்கள்ளி. செப்டம்பரில் அதன் பழம் கனிந்து நிற்கிறது. சின்ன வயதில் முள்ளோடு மல்லுக்கட்டிப் பறித்து வாயெல்லாம் சிவக்கத் தின்ற அதே பழத்தை இங்கே தோல் உரித்து டப்பாவில் போட்டு விற்கிறார்கள்.

நண்பனின் வீடு ஷாரா என்ற ஊரில். ஒரு அடிக்கு மேல் தடிமனான சுண்ணாம்புக்கல் சுவர், மொட்டை மாடி, மாடியில் தண்ணீர்த் தொட்டி. தீவில் ஆறு என்று ஒன்று கிடையாது. குழாயில் வருவதில் பெரும்பங்கு கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர். டீக்கு மட்டும் பாட்டில் தண்ணீர் என்பதில் மதினி கறாராக இருக்கிறார். குழாய்த் தண்ணீரில் போட்ட டீயை ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். மதினி சொல்வதுதான் சரி.

முதல் நாள் இடம், வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. ஜிகந்தியா கோயில்கள். கி.மு. 3600 வாக்கில் கட்டத் தொடங்கியவை. எகிப்தின் பிரமிடுகளுக்கும் மூத்தவை என்று படித்துவிட்டுத்தான் போனேன். ஆனாலும் ஐந்து மீட்டருக்கு மேல் உயரமுள்ள ஒரு கல்லின் அடியில் நிற்கும்போது அந்தக் கணக்கெல்லாம் மறந்துபோகிறது. உலோகக் கருவியோ சக்கரமோ தெரியாத ஆட்கள் இதை எப்படி நிமிர்த்தினார்கள்? அங்கே உருண்டைக் கற்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றின் மேல் பெரிய கற்களை உருட்டிக் கொண்டுவந்திருக்கலாம் என்கிறார்கள். ஊர்க்கதை இதைவிட எனக்குப் பிடித்தது: மொச்சை மாதிரியான பெரிய அவரையும் தேனும் மட்டும் தின்ற ஒரு அரக்கி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே கல் சுமந்து கட்டினாளாம். சித்தாள் வேலை பார்க்கும் பெண்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை.

மறுநாள் ஷ்வெய்னி உப்பளம். உப்பளத்து ஊரில் பிறந்தவனை ஐரோப்பாவுக்கு வரவழைத்து உப்பளம் காட்டுகிறானே என்று முதலில் சிரிப்புதான் வந்தது. போய்ப் பார்த்தால் சங்கதி வேறு. நம்மூரில் மண்ணை மிதித்து இறுக்கித் தரையில் பாத்தி கட்டுவோம், கண்ணுக்கு எட்டிய தூரம் போகும். இங்கே கடலோரப் பாறையிலேயே பாத்தி வெட்டியிருக்கிறார்கள். சிலது கட்டில் அளவு, சிலது தட்டுமுட்டுச் சாமான் கழுவும் தொட்டி அளவு. கரையோரமாக ஏறக்குறைய 3 கிலோமீட்டருக்கு இப்படியே. பெரிய குட்டைகளில் கடல்நீரை விட்டு வெயிலில் சுண்ட வைத்து, அப்புறம் சின்னப் பாத்திகளுக்கு மாற்றுகிறார்கள். ஒரு வாரம் போல ஆனால் உப்பு பூத்துவிடும்.

நாங்கள் போனபோது இரண்டு பேர் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். வாருபலகை கிடையாது, தெரு கூட்டும் துடைப்பம் போன்ற தூரிகைதான். பாத்தியின் நான்கு மூலையிலிருந்தும் நடுவுக்குத் தள்ளிக் குவித்து, தண்ணீர் வடிய விட்டுவிட்டு அடுத்த பாத்திக்குப் போகிறார்கள். பாறையைக் குடைந்த குகைகள்தான் கிடங்கு. ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டேன். மொறுமொறுவென்று பெரிய பரல், கசப்பே இல்லை. நான் தூத்துக்குடி என்றதும் அவர்களில் மூத்தவர், எங்கள் ஊரில் மழை எப்போது தொடங்கும் என்று கேட்டார். அக்டோபர் என்றேன். இங்கே செப்டம்பரிலேயே முதல் மழை வந்துவிடக்கூடும் என்று வானத்தைக் காட்டினார். ஒரு மழை போதும், பூத்த உப்பெல்லாம் கரைந்து போக. அந்தப் பார்வையை எங்கள் ஊர் அளக்காரர்களிடம் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ரம்லா கடற்கரையில் மணல் செங்காவி நிறம். அதற்கு மேலே குன்றில் கலிப்ஸோ குகை. கிரேக்கக் கதையில் ஒடிஸியஸை ஊருக்கு விடாமல் ஏழு வருஷம் வைத்திருந்த கலிப்ஸோ இங்கேதான் இருந்தாள் என்பது கோசோக்காரர்களின் வாதம். "அவனும் ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்டுலதான் வந்திருப்பான்" என்றான் நண்பன். மதினி முறைத்தார். கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால் விரல் தெரிகிறது. அன்று வேறெதுவும் செய்யவில்லை.

த்வெய்ரா என்ற கடலோர இடத்துக்கும் போனோம். சுற்றுலாப் படங்களில் எல்லாம் வந்த அந்தப் பாறை வளைவு 2017 மார்ச் 8-ஆம் தேதி புயலில் கடலுக்குள் விழுந்துவிட்டது. இல்லாத ஒன்றைப் பார்க்க இன்னும் கூட்டம் வருகிறது என்பதுதான் வேடிக்கை.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. கோசோவின் ஃப்டீரா எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. விறகு அடுப்பில் சுட்ட தட்டை ரொட்டி, மேலே மெல்லிசாகச் சீவிய உருளைக்கிழங்கு, தக்காளி, நெத்திலி வகை உப்பு மீன். ஜ்பெய்னா என்று உள்ளங்கை அளவில் ஓர் ஆட்டுப்பால் சீஸ், மிளகில் புரட்டியது. கசப்பு ஆரஞ்சில் செய்யும் கின்னி என்ற குளிர்பானத்தை எல்லாரும் கொண்டாடுகிறார்கள். எனக்குக் கஷாயம்தான் நினைவுக்கு வந்தது.

ஆனால் செப்டம்பரில் ராஜா, லம்புகி என்ற மீன்தான். ஆகஸ்ட் கடைசியிலிருந்து இதன் சீசன். பிடிக்கிற விதத்தில் ஒரு தந்திரம் இருக்கிறது. தென்னையினத்து ஓலைகளை மிதவையில் கட்டிக் கடலில் வரிசையாக விடுகிறார்கள். வெயிலுக்கு மீன் அந்த நிழலில் வந்து கூடும், வலையைச் சுற்றிப் போட்டு அள்ளிவிடலாம். நண்பன் காலையிலேயே போய் ஒரு முழு மீன் வாங்கிவந்தான். பச்சையும் மஞ்சளுமாக மின்னும் தோல், துருத்திய நெற்றி. ஊர்க்காரர்கள் மாவுக்குள் வைத்து மூடிச் சுடுவார்களாம். மதினி கேட்டது ஒரே கேள்வி: "புளி கொண்டு வந்தீங்களா?" கொண்டுபோயிருந்தேன். தேங்காய் அரைத்து ஊற்றி, மாங்காய் கிடைக்காத குறைக்குத் தக்காளியைக் கூட்டிப் போட்டு வைத்த குழம்பு. மீன் கெட்டியான சதை, குழம்பில் உடையவே இல்லை. அன்று ராத்திரி தொடாமல் வைத்திருந்து மறுநாள் காலை பழைய சோற்றோடு சாப்பிட்டோம். ஐரோப்பாவில் நான் சாப்பிட்ட மிகச் சிறந்த சாப்பாடு இதுதான்.

செப்டம்பர் 8-ஐ ஒட்டி என்னை வரச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. ஷாரா ஊர்க்கோயில் மாதாவின் பிறப்புக்கு அர்ப்பணித்தது. ஆக, வேளாங்கண்ணித் திருவிழாவின் கடைசி நாளும் இந்த ஊர்த் திருவிழாவும் ஒரே தேதி. மதியம் இரண்டரைக்கு மதினியின் அம்மா வீடியோ காலில் வந்தார். அங்கே மாலை ஆறு, கொடியிறக்கத்துக்காகக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். இங்கே மதினி போனைத் திருப்பிச் சதுக்கத்தைக் காட்டினார். இரண்டு பக்கமும் வெடிச்சத்தம், யார் பேசுவதும் கேட்கவில்லை.

மால்டா முழுக்க அன்று விடுமுறை. 1565-இல் ஒட்டோமான் துருக்கியர் மால்டாவை முற்றுகையிட்டது முடிவுக்கு வந்த நாள் அது. கோசோவுக்கு அந்த வரலாறு இன்னும் நெருக்கம். 1551-இல் வந்த அவர்கள் படை இங்குள்ள கோட்டையைப் பிடித்து, தீவின் மக்களில் ஏறக்குறைய எல்லாரையும், சுமார் 5,000 பேரை, அடிமைகளாகக் கொண்டுபோயிருக்கிறது.

சாயங்காலம் சுரூபத்தை ஆண்கள் தோளில் தூக்கி வந்தார்கள். முன்னால் பேண்டு வாத்தியம், மேல்மாடங்களிலிருந்து வண்ணக் காகிதத் துண்டுகளைக் கூடை கூடையாகக் கொட்டுகிறார்கள். சட்டைக்குள்ளும் காதுக்குள்ளும் போய்விட்டது. ஓரத்தில் பாதாம் போட்ட மிட்டாய்க் கடைகள். நண்பன் வேலை பார்க்கும் இல்லத்திலிருந்து சில பெரியவர்களைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்திருந்தார்கள். ஒரு பாட்டி அவன் கையைப் பிடித்து இழுத்து என்னவோ கேட்டார். என்னைத்தான் யாரென்று கேட்கிறார் என்றான். "எங்க ஊர்க்காரன்னு சொல்லிருக்கேன். உடனே, இவனுக்குக் கல்யாணம் ஆயிட்டான்னு கேக்குது."

போக நினைப்பவர்களுக்கு: ஆகஸ்டைத் தவிர்த்துவிடுங்கள், வெயிலும் கூட்டமும் சேர்ந்து படுத்தும். செப்டம்பரில் கடல் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. பேருந்தெல்லாம் விக்டோரியா என்ற நடு ஊருக்கு வந்துதான் பிரிகிறது, அதனால் எங்கே போனாலும் அங்கே ஒரு காபி குடிக்க நேரம் ஒதுக்குங்கள். சார்ஜருக்கு மூன்று பட்டைக் கால் உள்ள பிரிட்டிஷ் பிளக் வேண்டும். யாராவது நம்மாட்கள் வீட்டில் தங்குவதாக இருந்தால் அரைக் கிலோ புளி எடுத்துப் போங்கள்.