ஏ.சி.எல்.எஸ். வகுப்பில் ஷாக் போகாத மெஷின்

இதயம் நின்றுபோனவரைக் காப்பாற்ற டாக்டர், நர்ஸ்களுக்குக் கற்றுத்தரும் ஏ.சி.எல்.எஸ். வகுப்புக்குப் போகிறீர்களா? முன்தேர்வுச் சான்றிதழைப் பிரிண்ட் எடுத்துக் கையோடு கொண்டுபோங்கள். ஆன்லைனில் 70 சதவீதத்துக்கு மேல் வாங்கியிருந்தும், போனில் காட்டியதைப் பயிற்சி மையத்து அலுவலகத்தில் இருந்தவர் கண்டுகொள்ளவே இல்லை. "பேப்பர்ல வேணும் சிஸ்டர்." அவ்வளவுதான் பதில். ஜெராக்ஸ் கடையைத் தேடிப் பிடித்துத் திரும்புவதற்குள் முதல் வகுப்பு பாதி முடிந்திருந்தது. அவர்கள் அனுப்பிய மெயிலில் இதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

நெஞ்சு அழுத்தும் பயிற்சியில் சிக்கல் இல்லை. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமல், எமர்ஜென்சியில் இருப்பவர்களுக்குக் கை பழகிய வேலைதான். எங்களைக் கவிழ்த்தது மெகா கோட், அதாவது பொம்மையை நோயாளியாக வைத்துக் குழுவாகச் செய்யும் தேர்வு.

பொம்மைக்கு நாடி இருக்கிறது, ஆனால் வி.டி. (இதயத்தின் கீழறை மிக வேகமாகத் துடிப்பது), பி.பி. இறங்குகிறது. சிங்க் (ஷாக்கை இதயத் துடிப்போடு சேர்ந்து போகவைக்கும் பொத்தான்) போட்டு ஷாக் கொடுத்தோம். உடனே மானிட்டரில் வி.எஃப். (இதயம் ஒழுங்காகத் துடிக்காமல் வெறுமனே நடுங்குவது), நாடி இல்லை. டீம் லீடர் டாக்டர் 200 ஜூல் சார்ஜ் செய்து அழுத்துகிறார், ஷாக் போகவில்லை. மறுபடி அழுத்துகிறார், அப்போதும் இல்லை. ஒருவர் பேடைத் தடவிப் பார்க்கிறார், இன்னொருவர் வயரை ஆட்டுகிறார். நெஞ்சு அழுத்துவதை 10 விநாடிக்கு மேல் நிறுத்தக் கூடாது என்று காலையில்தான் தலையாட்டினோம். அத்தனை பேரும் மெஷினையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம்!

சிங்க் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அது ஆனில் இருந்தால், ஈ.சி.ஜி.யில் ஒவ்வொரு துடிப்புக்கும் உயர்ந்து தெரியும் ஆர் அலைக்காக மெஷின் காத்திருக்கும். வி.எஃப்.பில் ஆர் அலைக்கு எங்கே போவது? மூச்சு கொடுக்கும் ஆம்பு பை பிடித்திருந்த இளம் நர்ஸ் இதைக் கவனித்து, "சிங்க் ஆன்ல இருக்கோ" என்று முனகினார். பக்கத்தில் நேரம் குறித்துக்கொண்டிருந்த எனக்கு மட்டும்தான் கேட்டது. "டாக்டர், சிங்க் ஆஃப் பண்ணுங்க" என்று கத்தினேன். ஷாக் போனது.

பிறகு வீடியோ போட்டுக் காட்டினார்கள். பயிற்சியாளர் யாரையும் திட்டவில்லை. அந்தப் பெண்ணிடம் மட்டும், ஏன் மெதுவாகச் சொன்னீர்கள் என்று கேட்டார். "டாக்டருக்குத் தெரியாமலா இருக்கும்னு நினைச்சேன் சார்." 2005இல் இங்கிலாந்தில் எலைன் ப்ரோமிலி என்ற நோயாளிக்கு நடந்ததை அப்போது பயிற்சியாளர் சொன்னார். சாதாரண சைனஸ் அறுவைக்கு வந்தவருக்கு மயக்கம் கொடுத்ததும் மூச்சுப்பாதை கிடைக்கவில்லை. ஒரு நர்ஸ், கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்யும் டிரக்கியாஸ்டமி செட்டை எடுத்து வந்து சொல்லியும், அனுபவமுள்ள டாக்டர்கள் குழாய் போடும் முயற்சியிலேயே இருந்துவிட்டார்கள். அவர் பிழைக்கவில்லை. அறையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

எங்கள் வீடியோவில் இன்னொன்றும் மாட்டியது. லீடர் "அட்ரினலின் ஒரு மில்லிகிராம்" என்று பொதுவாகச் சொல்ல, அவர் போடுவார் என்று இவரும், இவர் போடுவார் என்று அவரும் இருந்துவிட, மருந்து போகவே இல்லை. அடுத்த சுற்றில் லீடர் ஒருவரைப் பெயர் சொல்லிக் கேட்டார். பெயர் சொல்லப்பட்டவர் அளவைத் திருப்பிச் சொல்லி, போட்டதும் "போட்டாச்சு" என்றார். தேறிவிட்டோம். எழுத்துத் தேர்வில் 84 சதவீதம் வேண்டும், அதுவும் வந்தது.

கார்டு 2 வருடத்துக்குச் செல்லும். என் கார்டில் இனிஷியலை விட்டுவிட்டார்கள், திருத்த அலைந்துகொண்டிருக்கிறேன். பதியும்போதே பெயரைச் சரிபாருங்கள். அப்புறம், ஷாக்குக்குப் பிறகு உங்கள் வார்டு மெஷினில் சிங்க் தானாக அணைகிறதா என்று பாருங்கள். எங்களுடையதில் அணையும், அங்கே வைத்திருந்ததில் அணையாது.